வேம்பும் அதன் குடித்தனக்காரனும்

2022 பிப்ரவரி எட்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, காலை பதினொன்றே காலுக்கு ஸ்ரீரங்கம் பல்லக்குக்காரர் சந்து ஏழாம் நம்பர் வீட்டு வாசலில் நின்ற வேப்பமரம் வெட்டப்பட்டது. அதன் நிழல் வெட்டுப்படவில்லை. மரம் வெட்டும் ஒப்பந்தக்காரர் தைரியராஜ் அடிமரத்தை ஐந்து துண்டாக அறுத்து லாரியில் ஏற்றி, கிளைகளைக் கட்டி அனுப்பிவிட்டு, வெயிலாக இருக்கிறதே என்று ஆட்களோடு நிழலில் ஒதுங்கி டீ வாங்கிக் குடித்தார். பாதி டம்ளர் இறங்கிய பிறகுதான் இது எதனுடைய நிழல் என்ற கேள்வி அவருக்கு வந்தது. அண்ணாந்து பார்த்தார். மேலே கேபிள் டிவி ஒயரும் வானமும் இருந்தன. கீழே தார் ரோட்டில், கிளை கிளையாக, குச்சி குச்சியாக, முப்பத்தெட்டு அடி அகலத்துக்கு வேப்பநிழல் கிடந்தது. காற்றுக்கு லேசாக அசையவும் செய்தது. தைரியராஜ் மீதி டீயையும் குடித்தார். டம்ளரைத் திருப்பிக் கொடுக்கும்போது, இருபத்திரண்டு வருஷமாக இந்தத் தொழிலில் இருப்பதாகவும், இப்படி ஆவது இதுதான் முதல் தடவை என்றும் டீக்கடைக்காரரிடம் சொன்னார். நிழல்தானே, சாயங்காலத்துக்குள் போய்விடும் என்றார் டீக்கடைக்காரர். சாயங்காலம் அது வழக்கம்போலக் கிழக்கே நீண்டு எதிர்வீட்டுச் சுவரில் ஏறியது.

அந்த நிழலில் பதினாறு வருடம் வேலை செய்தவர் ராக்கம்மாள். திருவெள்ளறையில் பிறந்து, எட்டாம் வகுப்பு வரை படித்து, காந்தி மார்க்கெட்டில் மூட்டை தூக்கும் நல்லுசாமியைக் கட்டிக்கொண்டு வந்தவர். 2006-இல் ஒரு நான்கு சக்கர இஸ்திரி வண்டியைக் கொண்டுவந்து அந்த மரத்தடியில் நிறுத்தினார். சந்திலிருந்த இருபத்தாறு வீட்டுத் துணியும் அவர் வண்டிக்கு வந்தது. கரிப்பெட்டிச் சூட்டில் நாள் முழுக்க நிற்கிறவருக்கு மேலே ஒரு மரம் இருப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்பது நின்றவர்களுக்குத்தான் தெரியும். துணி மடிக்கிற நேரம் போக மீதி நேரமெல்லாம் அவர் அண்ணாந்து மரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார். பறக்கிற கரிப்பொறி காய்ந்த குச்சியில் பற்றிக்கொள்ளக் கூடாதே என்ற பயத்தில் தொடங்கிய பழக்கம் அது. பயம் போன பிறகும் பழக்கம் போகவில்லை.

ஏழாம் நம்பர் வீட்டில் ஜகன்னாத் தன் மனைவி சுப்ரஜாவோடு இருந்தார். ஊருக்கு வெளியே ஒரு தனியார் வேளாண் கல்லூரியில் பயிர்நோய்ப் பேராசிரியர். 2010 ஐப்பசியில் ஒரு காலை, சட்டை வாங்க வந்தவரிடம் ராக்கம்மாள், வடக்குக் கிளையில் நுனி கருகுகிறது, வெயிலில் காய்கிற மாதிரி இல்லை, உள்ளேயிருந்து யாரோ தின்கிற மாதிரி இருக்கிறது என்றார். ஜகன்னாத் சட்டையை மறந்துவிட்டு உள்ளே போய் ஸ்டூல் எடுத்து வந்து குச்சியை ஒடித்தார். நாலைந்து நாள் கழித்து, கல்லூரியில் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துவிட்டு வந்து, அது ஒரு பூஞ்சை என்றும், அவர் சொன்னது அப்படியே சரி என்றும் சொன்னார். அன்று தொடங்கி ஒரு நீள நோட்டு பதினொரு வருடம் நடந்தது.

நோட்டின் இடது பக்கத்துக்கு வேம்பு என்று தலைப்பு, வலது பக்கத்துக்குப் பூஞ்சை. வேம்புப் பக்கத்தை ராக்கம்மாள் சொல்ல ஜகன்னாத் எழுதினார். பூஞ்சைப் பக்கத்தை ஜகன்னாத் எழுதி ராக்கம்மாளுக்குப் படித்துக் காட்டினார். வேம்புக்கு வெயில் வேண்டும், பூஞ்சைக்கு மழை வேண்டும். வேம்பு ஆனியில் பழுத்து, காக்கையையும் மைனாவையும் நம்பி விதையை அனுப்புகிறது. பூஞ்சை ஐப்பசியில், செத்த குச்சியின் பட்டைமேல், கசகசாவில் பாதி அளவுக்குக் கறுப்புப் புள்ளியாகப் பழுத்து, மழைத்துளி தெறிக்கிற தூரத்துக்குத் தன் பிள்ளைகளை அனுப்புகிறது. வேம்பு எந்த மண்ணிலும் வரும். இந்தப் பூஞ்சை வேம்பைத் தவிர வேறு மரத்தில் குடியேறுவதில்லை. பூஞ்சை இல்லாவிட்டால் வேம்புக்கு ஒரு குறையும் இல்லை. வேம்பு இல்லாவிட்டால் பூஞ்சைக்குப் போக்கிடமில்லை. அதன் லத்தீன் பெயர் ராக்கம்மாள் வாயில் நுழையவில்லை. குடித்தனக்காரன் என்று பெயர் வைத்துக்கொண்டார். "இந்த மாசம் குடித்தனக்காரன் கிழக்கால மூணு கிளை எடுத்துக்கிட்டான் சார், எழுதிக்குங்க" என்பார். பங்குனி பிறந்ததும், "காலி பண்ணிட்டான் சார், நுனியெல்லாம் செவப்பா தளிர் வந்துடுச்சு" என்பார். இரண்டாவது வருடத்திலிருந்து ஜகன்னாத்தும் அந்தப் பெயரையே சொல்லத் தொடங்கினார்.

மாதத்தின் கடைசி நாளில் ஜகன்னாத் இரண்டு பக்கத்தையும் சத்தமாகப் படித்துக் காட்டிவிட்டு, அடியில் 'பார்த்தவர்' என்று எழுதி நோட்டை வண்டிமேல் வைப்பார். ராக்கம்மாள் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு தன் பெயரை முழுசாக எழுதுவார். அவர் கையெழுத்துப் போட்ட இடங்களிலேயே, போடுவதற்கு முன்னால் யாராவது படித்துக்காட்டிய ஒரே இடம் அந்த நோட்டுதான். நல்லுசாமி ஒருமுறை, இதனால் உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டதற்கு, "நான் பாத்தது எழுத்துல இருக்குல்ல" என்று சொன்னார்.

2019 மழைக்காலத்தில் ஊரெங்கும் வேப்பமரங்கள் ஒரேயடியாகக் கருகின. தீ வைத்தது போல நுனியெல்லாம் பழுப்பாகி நின்றதைப் பார்த்து ஜனங்கள் பயந்தார்கள். அம்மன் கோபம் என்று சிலர் கூழ் ஊற்றினார்கள்; செல்போன் கோபுரம்தான் காரணம் என்று சிலர் மனு எழுதினார்கள்; பலர் வாசல் மரத்தை வெட்டினார்கள். ஜகன்னாத் உள்ளூர் சேனலில் வந்து, "யாரும் வெட்டாதீங்க. பங்குனி வரைக்கும் பொறுத்துக்குங்க, தளிர்க்கும்" என்று பேசினார். பங்குனி வந்தபோது ஊரடங்கும் வந்தது. தெருவில் ஆள் இல்லாத அந்த மாதத்தில் மரங்களெல்லாம் தளிர்த்தன. துணி வராவிட்டாலும் ராக்கம்மாள் வண்டியைப் பார்க்க வருவதுபோல மரத்தைப் பார்க்க வந்தார். ஜகன்னாத் முகக்கவசத்தோடு கீழே இறங்கி, இரண்டு கஜம் தள்ளி நின்று நோட்டைப் படித்துக் காட்டினார். எங்க சார் சொன்னா சொன்னதுதான் என்று ராக்கம்மாள் அந்த வருடம் முழுக்க எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஏழாம் நம்பர் வீட்டில் ஜகன்னாத்தின் அண்ணா வேதாந்தத்துக்கும் பாதி உண்டு. அவர் சென்னையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டை இடித்துப் பன்னிரண்டு ஃபிளாட் கட்டுவதென்று 2021-இல் ஒரு கட்டடக்காரரோடு பேசி முடித்தார். வரைபடத்தில் கார் இறங்குகிற சரிவுப் பாதை வந்த இடத்தில் மரம் நின்றது. உயிருள்ள மரத்தை வெட்ட அனுமதி கிடைக்காது. நோயால் செத்த மரம் என்று தகுதியுள்ள ஒருவர் எழுதிக் கொடுத்தால் கிடைக்கும். திருச்சியில் யார் எழுதினால் எடுபடும் என்று கேட்டிருந்தால் எல்லோரும் ஒரே பெயரைத்தான் சொல்லியிருப்பார்கள். வேதாந்தம் வாராவாரம் போன் செய்தார். "நீதானேடா இதுல பெரிய ஆள். ஒரு மரம்டா. வேணும்னா காலேஜ்ல நாப்பது மரம் நட்டுக்கோ." ஜகன்னாத் இரண்டு மாதம் முடியாது என்றார். மூன்றாவது மாதம் முடியாது என்று சொல்லவில்லை. சுப்ரஜாவுக்கு முழங்கால் வலி, பழைய வீட்டில் ஏழெட்டு இடத்தில் ஒழுக்கு, புது வீட்டில் லிஃப்ட் வரும் என்பதெல்லாம் அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட காரணங்கள். அவை எல்லாமே உண்மைதான்.

அறிக்கை ஆங்கிலத்தில் மூன்று பக்கம். அதில் ஒட்டியிருந்த புகைப்படம் ஐப்பசியில், நுனி கருகி நிற்கும்போது எடுத்தது. தையில் எடுத்ததாகத் தேதி போட்டிருந்தது. மரம் முழுவதும் இறந்துவிட்டது, இனித் தளிர்க்காது, காற்றில் விழுந்தால் உயிருக்கு ஆபத்து என்று முடித்திருந்தார். தை மாதம் ஒரு மதியம் அந்தக் கடைசித் தாளை மட்டும் கையில் எடுத்துக்கொண்டு கீழே வந்தார். ராக்கம்மாள் ஒரு பட்டு வேட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"ராக்கம்மா, வழக்கம்போல ஒண்ணு."

"நோட்டு எங்க சார்?"

"இது தனித் தாள். ஆபீசுக்கு."

ராக்கம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு பெயரை எழுதினார். சார் இன்றைக்குப் படித்துக் காட்டவில்லையே என்று தோன்றியது. அவசரமாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். பட்டு வேட்டி ஆறுவதற்குள் மடிக்க வேண்டியிருந்தது.

பிப்ரவரி எட்டாம் தேதி காலை தைரியராஜ் ஆட்களோடும் இயந்திர ரம்பத்தோடும் வந்து, வண்டியைக் கொஞ்சம் தள்ளிக்கொள்ளச் சொன்னபோது, ராக்கம்மாள் சிரித்தார். வீடு மாறி வந்துவிட்டீர்கள், இது நோட்டு மரம், சாருக்குத் தெரிந்தால் சும்மா விடமாட்டார் என்றார். தைரியராஜ் அனுமதிக் கடிதத்தை எடுத்துக் காட்டினார். பின்னாலேயே அறிக்கையின் நகல் இருந்தது. முழுக்க ஆங்கிலமாக இருந்த தாளின் அடியில் தமிழில் ஒரே ஒரு பெயர்.

"இது என் கையெழுத்தாச்சே" என்றார் ராக்கம்மாள்.

"ஆமாக்கா. நீங்கதான் எழுதிக் குடுத்திருக்கீங்க. 'பதினோரு வருஷமா இந்த மரத்தை தினமும் பாத்துக்கிட்டு வர்ற நான், இது செத்துப்போச்சுன்னு உறுதியா சொல்றேன்'னு போட்டிருக்கு." தைரியராஜ் அவர் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலைக் குறைத்தார். "படிக்காம போட்டுட்டீங்களா?"

ராக்கம்மாள் ஏழாம் நம்பர் வாசலுக்குப் போய் மணி அடித்தார். பதினாறு வருடத்தில் அவர் அந்த மணியை அடித்ததில்லை. துணி எப்போதும் கீழே வந்துதான் போகும். சுப்ரஜா ஜன்னல் கம்பிக்குப் பின்னால் வந்து நின்றார். "அவர் கருத்தரங்குக்கு பெங்களூர் போயிருக்கார். நேக்கு ஒண்ணும் தெரியாது ராக்கம்மா" என்றார். அவர் கண்கள் சிவந்திருந்தன. கதவைத் திறக்கவில்லை.

ராக்கம்மாள் திரும்பி வந்து, பெட்டியில் கரி இருந்தவரைக்கும் மிச்சமிருந்த ஆறு சட்டைகளையும் தேய்த்து முடித்தார். பின்னால் ரம்பம் ஓடிக்கொண்டிருந்தது. அடிமரம் விழுந்ததும் தைரியராஜ் வெட்டுவாயைக் குனிந்து பார்த்து, கையால் தடவினார். உள்ளே ரத்தச் சிவப்பில் ஈரமாக இருந்தது. "செத்த மரம் இல்லையே இது" என்று தனக்குள் சொன்னது ராக்கம்மாளுக்குக் கேட்டது. அவர் சட்டைகளை அந்தந்த வீட்டில் கொடுத்துவிட்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். காவிரிப் பாலத்தைத் தாண்டித் தென்னூர் வரைக்கும் இஸ்திரி வண்டியைத் தள்ளிக்கொண்டு போன பெண்ணை அன்று பலர் பார்த்திருக்கிறார்கள். நிழல் தங்கிவிட்டதை அவர் பார்க்கவில்லை. தென்னூரில் நிழலே இல்லாத ஒரு பள்ளிக்கூட மதில் ஓரமாக இடம் பிடித்தார். கையெழுத்துதானே, போனால் போகிறது என்று நல்லுசாமி ஆறுதலாகச் சொன்னதற்கு, ஒன்பது நாள் அவரோடு பேசவில்லை.

நிழலைப் பார்க்க முதல் இரண்டு வாரம் கூட்டம் வந்தது. ஒரு சேனல்காரர் வந்து, மரம் நின்ற இடத்தில் ஏணி போட்டு ஏறி, மேலே கையால் துழாவிக் காட்டினார். கை வெயிலில் இருந்தது, கையின் நிழல் கிளைகளின் நிழலோடு கலந்திருந்தது. நிழலுக்குள் நான்கு டிகிரி சூடு குறைவு என்று கல்லூரி மாணவர்கள் அளந்து சொன்னார்கள். மாநகராட்சியிலிருந்து வந்தவர் ஆக்கிரமிப்பா என்று பார்த்துவிட்டு, இல்லை என்று எழுதிக்கொண்டு போனார். மூன்றாவது வாரத்திலிருந்து ஆட்டோக்காரர்கள் அங்கே வண்டி நிறுத்தத் தொடங்கினார்கள். வெட்டும்போது மரம் எப்படி இருந்ததோ நிழலும் அப்படியே இருந்தது: நுனியெல்லாம் மொட்டை, நடுவில் மட்டும் கொஞ்சம் இலை. பங்குனி பிறந்து நான்காம் நாள் அதன் நுனிகளில் சின்னச் சின்னதாகப் புது இலைகளின் நிழல் வந்தது. பத்து நாளில் தரை முழுக்க அடைத்துக்கொண்டது. இனித் தளிர்க்காது என்று எழுதியவர் பெங்களூரிலிருந்து திரும்பி வந்து, இடிப்பதற்காகக் காலி செய்துகொண்டிருந்த வீட்டின் மாடியிலிருந்து அதைப் பார்த்தார். எதிர்வீட்டுக்காரர்கள் அவரைப் பார்த்தார்கள். அறிக்கை என்ன சொன்னது என்பது அதற்குள் சந்தில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது. ஒருவர் மட்டும், அறிக்கை பொய்தானே என்று அனுமதி கொடுத்த அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். நிழல் மரமாகாது, ஆகவே அதை ஆதாரமாக எடுத்துக்கொள்ள முடியாது என்று பதில் வந்தது.

நிழல் தங்கிவிட்ட செய்தி நல்லுசாமி வழியாகத் தென்னூருக்குப் போனது. ராக்கம்மாள் தளிர்த்ததா என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றதும் வண்டியைப் பூட்டிவிட்டு, திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு எழுதுகிறவரிடம் போய் உட்கார்ந்தார். மனுவில் மரத்தைத் திருப்பிக் கேட்கவில்லை, நஷ்டஈடு கேட்கவில்லை, யாரைத் தண்டிக்கவும் சொல்லவில்லை. எனக்குப் படித்துக் காட்டாமல் வாங்கின என் கையெழுத்தைத் திருப்பிக் கொடுங்கள் என்று ஒரே ஒரு வரிதான் சொன்னார். மனு எழுதுகிறவர், இதற்கு எந்தத் தலைப்பும் பொருந்தாது என்று தயங்கி, கடைசியில் 'இதர' என்ற இடத்தில் எழுதினார். மனு ஒவ்வொரு மேசையாகப் போய்க்கொண்டிருந்தது. ஒன்றரை வருடம் ஆனது. கட்டடம் நான்கு மாடி எழும்பியது. சூரியனை அது மறைத்தபோதும் நிழலுக்குள் நிழலாக வேப்பநிழல் கறுத்துத் தெரிந்தது. கார் இறங்கும் சரிவில் சிமெண்ட் மூன்று நாள் தாமதமாகக் காய்ந்தது. முதலில் விலையைக் குறைக்கச் சொன்ன வீடு வாங்குகிறவர்கள், பிறகு விளம்பரத்தில் 'வேப்ப நிழல் வசதியுடன்' என்று போட்டதும் குறைக்கச் சொல்லவில்லை. 2022 ஐப்பசியில் நிழலின் நுனிகள் கருகி மெலிந்தன. அடுத்த பங்குனியில் மறுபடி தளிர்த்தன. குடித்தனக்காரனும் நிழலோடுதான் இருந்தான்.

2023 புரட்டாசியில் ஒரு முற்பகல் ஜகன்னாத் தென்னூருக்கு வந்தார். இளைத்திருந்தார். கையில் நோட்டு இருந்தது.

"ராக்கம்மா, நல்லா இருக்கீங்களா?"

ராக்கம்மாள் தேய்ப்பதை நிறுத்தவில்லை.

"நோட்டை விடலீங்க. இப்ப நிழலைத்தான் எழுதறேன். எல்லாம் அப்படியே நடக்குது. எத்தனை நுனி போச்சு, எத்தனை வந்துச்சு, எல்லாம். பார்த்தவர் இடம் மட்டும் காலியா இருக்கு."

"நீங்கதான் பாக்குறீங்களே சார். நீங்களே போட்டுக்குங்க."

"நான் போட்டா இனிமே யார் நம்புவாங்க?" என்றார் ஜகன்னாத். இந்தப் பதினொரு வருடக் குறிப்பையும் பெரிய கட்டுரையாக எழுதப்போவதாகவும், அதில் ராக்கம்மாள் பெயரை முதலில் போடப்போவதாகவும் சொன்னார்.

"என் பேரு ஒரு தடவை உங்க பேப்பர்ல வந்துச்சு சார். அது போதும்."

"தப்புதாங்க. அண்ணா விடாம..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார்.

ராக்கம்மாள் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "குடித்தனக்காரன் பதினோரு வருஷம் அந்த மரத்துல இருந்தான். எவ்வளவு எடுத்தான்னு நீங்களேதான் எழுதியிருக்கீங்க. ஒரு வருஷமாச்சும் அடிமரத்துல கை வச்சானா? மரம் போனா தனக்கும் எடம் இல்லைன்னு அவனுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. சரி, உங்க வாசல் மரம், நீங்க வெட்டிக்கிட்டீங்க. என் கைய எதுக்கு சார் அதுல இழுத்தீங்க? நீங்க ஒருத்தர் போட்டிருந்தா மரம் விழுந்திருக்காதா?"

ஜகன்னாத் "விழுந்திருக்கும்" என்றார்.

"அப்புறம் ஏன்?"

"தனியா போடக் கை வரலீங்க."

ராக்கம்மாள் அவரை முதல்முறையாக நிமிர்ந்து பார்த்தார். இத்தனை நாள் அந்தக் கையெழுத்து இல்லாமல் மரம் விழுந்திருக்காது என்று அவர் நினைத்திருந்தார். அதனால் தூங்காத இரவுகளும் உண்டு. அது தேவையே இல்லாத கையெழுத்து என்பது இப்போதுதான் தெரிந்தது. துணைக்கு ஒரு ஆள் வேண்டியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். பெட்டியைத் திரும்ப எடுத்தார்.

"கொஞ்சம் நகருங்க சார். உங்க நிழல் துணிமேல விழுது."

ஜகன்னாத் நகர்ந்தார். நோட்டை வண்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போகப் பார்த்தார். ராக்கம்மாள் அதைத் தொடாமல், எடுத்துக்கொண்டு போகும்படி தலையால் காட்டினார். எடுத்துக்கொண்டு போனார்.

அந்த வருடம் மழை நன்றாகப் பிடித்தது. கார்த்திகையில் மனு ஒருவழியாக, மரம் வெட்ட அனுமதி கொடுத்த அலுவலகத்தில் கோப்புகளைப் பார்த்துக்கொள்ளும் பிரேமலதாவின் மேசைக்கு வந்தது. பிரேமலதா எதையும் பார்க்காமல் பதில் எழுதாதவர். அலமாரியைத் திறந்து 2022-க்கான கோப்பை எடுத்தார். மேலும் கீழும் இருந்த கோப்புகள் காய்ந்து சுத்தமாக இருந்தன. இந்த ஒன்றில் மட்டும், ஜகன்னாத்தின் அறிக்கையின் கடைசித் தாளில், கசகசாவில் பாதி அளவுக்குக் கறுப்புப் புள்ளிகள் வட்டமாகப் பூத்திருந்தன. வேப்பமரத்தைத் தவிர வேறெதிலும் குடியேறாத பூஞ்சை காகிதத்துக்கு எப்படி வந்தது என்று விளக்க அலுவலகத்தில் ஆள் இல்லை; பிரேமலதாவும் கேட்கவில்லை. வட்டத்துக்கு நடுவில் தாள் அரிக்கப்பட்டு, ஒரு பெயர் நீளத்துக்கு ஓட்டை விழுந்திருந்தது. அதற்கு ஒரு விரற்கடை மேலே ஜகன்னாத்தின் கையெழுத்தும், பட்டங்களும், ரப்பர் முத்திரையும் ஒரு புள்ளிகூடப் படாமல் பளிச்சென்று இருந்தன. பிரேமலதா தாளை விளக்கில் பிடித்துப் பார்த்தார். பிறகு பதில் கடிதத்தைத் தட்டச்சு செய்தார்: 'தாங்கள் குறிப்பிட்ட அறிக்கையில் தங்கள் கையெழுத்து எதுவும் இல்லை. அறிக்கை திரு. ஜகன்னாத் அவர்களால் தனியாகக் கையொப்பமிடப்பட்டுள்ளது. எனவே தங்கள் மனு முடித்து வைக்கப்படுகிறது.'

கடிதம் தென்னூருக்கு வந்தபோது ராக்கம்மாள் அதைத் தானே எழுத்துக் கூட்டி, இரண்டு முறை படித்தார். நல்லுசாமி வந்ததும் சத்தமாகப் படித்துக் காட்டினார். மறுநாள் காலை இருவருமாக வண்டியைத் தள்ளிக்கொண்டு பாலத்தைத் தாண்டி வந்தார்கள். பல்லக்குக்காரர் சந்தில் ஆட்டோக்காரர்கள் வண்டிகளை நகர்த்தி இடம் விட்டார்கள். கார்த்திகை மாதம் ஆனதால் நிழல் நுனி கருகி, ஓட்டை ஓட்டையாக, பாதி வெயிலோடு இருந்தது. ராக்கம்மாள் அதன்மேல் செருப்பைக் கழற்றிவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். "கிழக்கால ஏழு கிளை எடுத்திருக்கான்" என்றார். அதை எழுதிக்கொள்ள அங்கே யாரும் இல்லை. பெட்டியில் கரியைப் போட்டார்.

தையில் புது வீடுகளுக்கு எல்லோரும் குடிவந்தார்கள். பன்னிரண்டு வீட்டுத் துணியும் ராக்கம்மாளிடம்தான் வருகிறது, ஜகன்னாத் வீட்டுத் துணி உள்பட. அவர் சட்டைகளையும் மற்றவர்கள் சட்டை போலவே, காலரில் மடிப்பு விழாமல், தேய்த்துக் கொடுக்கிறார். வாங்கிப் போக சுப்ரஜாதான் வருகிறார். ஜகன்னாத்தின் ஃபிளாட் இரண்டாம் மாடியில், கிழக்குப் பார்த்தது. காலை ஆறரையிலிருந்து ஒன்பது வரைக்கும் வேப்பநிழல் அவர்கள் கூடத்துச் சுவரில் விழுந்து அசைகிறது. முதலில் திரை போட்டுப் பார்த்தார்கள்; திரையைத் தாண்டி விழுந்தது. இப்போது அந்த நேரத்தில் அவர் நாற்காலியைச் சுவருக்கு முதுகு காட்டிப் போட்டுக்கொண்டு பேப்பர் படிக்கிறார். 2024 பங்குனிக் கடைசியில் அந்தச் சுவரில் ஒரு காக்கைக் கூட்டின் நிழலும், அதற்குள் வாய் பிளக்கிற மூன்று குஞ்சுகளின் நிழலும் வந்தன. விருந்தாளிகள் கேட்டால் சுப்ரஜா, காக்கா என்று மட்டும் சொல்கிறார்.

சித்திரை முதல் தேதிக்கு முந்தின நாள் நிழல் பூத்தது. பொட்டுப் பொட்டாக நிழல்பூக்கள் சரிவுப் பாதையில் உதிர்ந்தன. முதலில் யார் முறத்தை எடுத்துவந்து கூட்டியது என்று தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் பதினொரு வீட்டுப் பெண்களும், ராக்கம்மாளும், எதிர்சாரிக்காரர்களும் ஆளுக்கொரு முறமாக அள்ளிக்கொண்டார்கள். முறத்தில் எடை ஒன்றுமில்லை, லேசான கறுப்பு மட்டும் இருந்தது. மறுநாள் நெய்யைக் காயவைத்து அதைக் கவிழ்த்தபோது வாணலியில் எதுவும் விழவில்லை, ஆனால் படபடவென்று பொரிந்தது. எல்லோர் வீட்டு ரசமும் நன்றாகக் கசந்தது. சுப்ரஜாவும் அள்ளிவந்துதான் சாத்தமுது வைத்தார். அவர்கள் ஆத்தில் ரசத்துக்கு அதுதான் பெயர். அதில் புளி இருந்தது, மிளகு இருந்தது, பெருங்காயம் இருந்தது. கசப்பு இல்லை. கீழே போய் இன்னொரு முறம் கொண்டுவந்து மறுபடி வறுத்துப் போட்டார். அப்போதும் இல்லை. ஜகன்னாத் இரண்டு தடவை சாதம் போட்டுக்கொண்டு சாப்பிட்டார். மறுவருடமும் அப்படித்தான் ஆனது. இப்போது சித்திரை வருகிற வாரத்தில் சுப்ரஜா பஸ் பிடித்து காந்தி மார்க்கெட் போய், உலர்ந்த வேப்பம்பூ நூறு கிராம் பொட்டலம் ஒன்று வாங்கி வந்துவிடுகிறார்.